காதுகளில் மட்டும் முள் இல்லை

சோனுனுக்கு நாய் என்றாலே ஆகாது. அவள் பிறந்த வீட்டில் நாய் என்பது வாசலுக்கு அப்பால் கிடக்கும் ஒரு காவல். எறிகிற எலும்பைத் தின்றுவிட்டு, ஓநாய் வந்தால் குரைக்க வேண்டியது, அவ்வளவுதான். நாய்க்கென்று ஒரு சீப்பும், அந்தச் சீப்புக்கென்று சுவரில் ஓர் ஆணியும் இருக்கும் வீட்டை அவள் கல்யாணமாகி வந்த பிறகுதான் பார்த்தாள்.

அத்-பாஷிப் பள்ளத்தாக்கில் அவள் கணவன் இஷெனாலியின் குடும்பம் தைகன் வளர்க்கிற குடும்பம். தைகன் வேட்டைநாய், ஒல்லி உடம்பு, நீளக் கால், காற்று மாதிரி ஓட்டம். குளிர் தாங்க வேண்டுமே என்று படைத்தவன் அதற்கு நீள முடியைக் கொடுத்திருந்தான். தொடையிலும் நெஞ்சிலும் முடி தொங்கும். காதுகளிலோ சின்னப் பெண்ணின் அவிழ்த்த கூந்தல் போல இரண்டு பக்கமும் வழியும். காட்டுக்குப் போய்விட்டு வந்தால் அந்த முடியில் முள்ளும் சுள்ளியும் மண்ணும் ஏறி வரும். ஒரு வாரம் சீவாமல் விட்டால் சடை பிடித்து, தோலை இழுத்து, நாய் நொண்டத் தொடங்கிவிடும்.

ஆகவே இஷெனாலி தினமும் சீவினான். பகலெல்லாம் பால் வண்டி ஓட்டுவான். மாலையில் சாப்பாடு முடிந்ததும், செருப்புகளைக் கழற்றிப் போடும் முன்னறையில் தாழ்ந்த முக்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, நாயை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொள்வான். முதலில் விரலால் கோதி முள்ளைத் தேடுவான். பிறகு அகலப் பல் சீப்பு. கடைசியில்தான் நெருக்கப் பல். முடியை நுனியிலிருந்து அவிழ்த்துக்கொண்டே மேலே போக வேண்டும் என்பான். வேரிலிருந்து இழுப்பவனுக்கு நாயும் கிடையாது, பெண்டாட்டியும் கிடையாது என்பது அவன் வேடிக்கை.

சோனுன் கதவருகே நின்று அதைப் பார்ப்பாள். "இருபத்தேழு வருஷத்துல எனக்கு ஒரு நாளாவது சடை பின்னி விட்டிருக்கீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நீ வந்து உக்கார மாட்டேங்குறியே. இவன் வந்து உக்காருறான்," என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள். ஆனால் அடுத்த நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் கூட வேலை செய்கிற பெண்களிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள் என்பது ஊருக்கே தெரியும்.

அவள் வந்த பிறகு அந்த வீட்டில் நான்கு தைகன்கள் மாறிவிட்டன. கடைசியாக வந்தவன் பொரோன், சாம்பல் நிறம். பொரோன் என்றால் பனிப்புயல். ஐந்து வயதில் அவன் பள்ளத்தாக்கிலேயே பெயர் பெற்ற நாய். சோனுன் அவனுக்குச் சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், கையால் தொட்டதில்லை. நாற்பது வயதில் அவள் ஐந்து வேளைத் தொழுகையைத் தொடங்கியிருந்தாள். நாய் முடி ஒட்டிய துணியில் தொழலாமா கூடாதா என்று பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் மோல்தோவிடமே போய்க் கேட்டாள். காய்ந்த முடிதானே, உதறிவிட்டுத் தொழு என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாக இல்லை.

நவம்பர் மாதம், இன்னும் பனி இறங்காத ஒரு காலை. நரி வேட்டைக்குப் போவதற்காக இஷெனாலி விடியும் முன்பே எழுந்து பொரோனைச் சீவினான். முன்னறைக் கதவைச் சாத்த மறந்துவிட்டான். முந்தின நாள் துவைத்து அடுப்பருகே காயப்போட்டிருந்த தொழுகை விரிப்பின் மேல் சாம்பல் நிற முடி பஞ்சு பஞ்சாகப் படிந்து கிடந்தது. சோனுன் அதைப் பார்த்தாள். என்னென்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. நாயை மட்டும் திட்டவில்லை, புருஷனின் அப்பனையும், அந்த வீட்டுக்கு அவளைக் கட்டிக்கொடுத்த தன் அப்பனையும் சேர்த்துத் திட்டினாள். விரிப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய், வேலிப்பக்கம் திரும்பி நின்று, பட்பட்டென்று உதறினாள்.

பின்னால் அவன் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தான். ஏறும்போது ஏதோ சொன்னான். எங்கே போகிறான், எப்போது வருவான் என்பதை எப்போதும் சொல்லிவிட்டுத்தான் போவான். அது அந்த ஊர் வேட்டைக்காரர்களின் பழக்கம். அவள் காதில் குரல் விழுந்தது, சொல் விழவில்லை. வேண்டுமென்றே திரும்பாமல் இன்னும் பலமாக உதறினாள். குளம்புச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் திரும்பினாள்.

இரண்டு நாளில் வருவான் என்று அவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் மாலை குதிரை மட்டும் வந்தது. சேணம் வயிற்றுக்கடியில் சரிந்திருந்தது. கிழக்குப் பாதை வழியாக வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

இஷெனாலியின் தம்பி மம்பெத் ஓடி வந்தான். சோனுன் கல்யாணமாகி வந்தபோது அவன் பட்டாளத்துக்குப் போகக் காத்திருந்த இளவட்டம். புருஷன் வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதால் அன்று முதல் அவள் அவனைச் 'சின்னவனே' என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அவன் காதோரம் நரைத்திருந்தது.

"அண்ணி, அண்ணன் எங்க போறேன்னு சொன்னாரு?" என்று கேட்டான்.

ஊர் ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குதிரைகளோடு வாசலில் நின்றார்கள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். எனக்குத் தெரியாது, அவர் சொன்னபோது நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. இஷெனாலி வழக்கமாக நரிக்குப் போகும் இடம் கரா-ஆர்ச்சா. குதிரை வந்ததும் அந்தப் பக்கம்தான். "கரா-ஆர்ச்சான்னு சொன்னாரு," என்றாள்.

நான்கு நாள் கரா-ஆர்ச்சாவை அரித்துத் தேடினார்கள். ஏழாம் நாள் பனி கொட்டியது. குதிரைகள் வழுக்கின, ஆட்கள் திரும்பினார்கள். பனி நின்றதும் மறுபடி போவோம் என்று மம்பெத் சொன்னான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் நண்பகல் பொரோன் வந்தான்.

வாசலில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டுச் சோனுன் கதவைத் திறந்தாள். நாய் என்று உடனே சொல்ல முடியாத ஓர் உருவம் நின்றது. முடி முழுவதும் கட்டி கட்டியாகச் சடை பிடித்து, மண்ணும் பனிக்கட்டியும் தொங்கின. பின்கால் இரண்டையும் சடை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்க, நடக்க முடியாமல் இழுத்து இழுத்து உள்ளே வந்தான். முன்னறையில், முக்காலி இருக்குமிடத்தில் போய் நின்றான். படுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

சோனுன் முக்காலியை எடுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். நாயை முழங்கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவள் கை அந்த முடிக்குள் போனது.

அடுப்பில் வெந்நீர் வைத்தாள். பனிக்கட்டிகளைத் துணியால் ஒற்றிக் கரைத்தாள். ஆட்டு வால் கொழுப்பை உருக்கி, சடைகளுக்குள் விரலால் தேய்த்து ஊறவிட்டாள். சீப்பை எடுத்தாள், நுனியிலிருந்து தொடங்கினாள். அவிழாத சடைக்கு அடியில் சீப்பைச் செருகித் தோலைக் காத்துக்கொண்டு, ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியால் முடியின் போக்கிலேயே கீறி இரண்டாக, நான்காகப் பிளந்தாள். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இருபத்தேழு வருஷம் கதவருகே நின்று முணுமுணுத்துக்கொண்டே பார்த்தது கைக்குத் தெரிந்திருந்தது.

வாலிலும் தொடையிலும் ஒட்டுமுள் காய்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. கொழுப்பில் ஊறியும் விரலைக் குத்தின. ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தட்டில் போட்டாள். வயிற்றுக்கடியில் காய்ந்து ஓடாகியிருந்த மண்ணை வெந்நீரில் கரைத்தாள். பாத்திரத்தில் தண்ணீர் செங்கல் நிறமாக மாறியது. அவள் கை நின்றது.

கரா-ஆர்ச்சாவில் சிவப்பு மண் கிடையாது. அங்கே கருங்கல்லும் ஆர்ச்சா மரமும்தான். ஒட்டுமுள்ளும் அங்கே முளைக்காது. ஆடு மாடு வருஷக்கணக்காகச் சாணம் போட்ட இடத்தில்தான் அது முளைக்கும். சிவப்பு மண்ணும் ஒட்டுமுள்ளும் சேர்ந்திருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான முதல் குளிர்காலத்தை மாமனாரின் மந்தையோடு அவள் கழித்த கிடை அது. மேற்கே, மலைமுகட்டுக்கு அந்தப்புறம், கிசில்-ஜார். பத்தொன்பது வயதில், வசந்தம் வரும்வரை, ஒவ்வொரு மாலையும் பாவாடை ஓரத்திலிருந்து இதே முட்களைப் பிய்த்திருக்கிறாள். இதே சிவப்பைத் துவைத்திருக்கிறாள். கூட்டுப்பண்ணை கலைந்த பிறகு அங்கே யாரும் போவதில்லை. கூரைமரத்தைக்கூட எடுத்துப் போய்விட்டார்கள். சுவர் மட்டும் நிற்கிறது.

எழுந்து ஓடியிருப்பாள். ஆனால் நாயின் இடப்பக்கத்தைத் தொட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வலப்பக்கத்து முடி தனித்தனிச் சடையாக இருந்தது. இடப்பக்கம் அப்படி இல்லை. தோளிலிருந்து தொடை வரை ஒரே படலமாக, அழுத்தமாக, கம்பளம் போல இருந்தது. ரோமம் எப்படிக் கம்பளமாகும் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஈரம் வேண்டும், சூடு வேண்டும், மேலே பாரம் வேண்டும், அசைவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். அந்தப் படலத்துக்குள் பழுப்பு நிற நூல் இழைகள் பின்னிக்கொண்டிருந்தன. ஒட்டக ரோம நூல். அவள் இஷெனாலிக்குப் பின்னிக் கொடுத்த மேல்சட்டையின் நூல்.

நாய் அவனோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. ஒரு நாள் அல்ல.

அப்போதுதான் அவள் காதுகளைப் பார்த்தாள். தைகனுக்கு முள் முதலில் ஏறுவது காதில்தான். வால், தொடை, கால் எல்லாம் முள்ளாக இருக்க, அந்த நீளக் காதுகளில் மட்டும் ஒரு முள்கூட இல்லை. விரல் விட்டுத் தேடினாள். கழுத்தைச் சுற்றியும் இல்லை. மண் படிந்திருந்தது, அழுக்கு இருந்தது. ஆனால் முடி பிரிந்து, இழை இழையாகக் கிடந்தது. கிடந்த இடத்திலிருந்து ஒரு மனிதனின் கை எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரத்துக்கு யாரோ கோதிவிட்டிருந்தார்கள்.

சோனுன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மம்பெத்தின் வீட்டுக்குப் போனாள். கிசில்-ஜார் கிடையில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள். சிவப்பு மண் எங்கேயும் இருக்கும் என்று அவன் தயங்கினான். அவள் முள் நிறைந்த தட்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் கருக்கலில் புறப்பட்டு மாலையில் கொண்டுவந்தார்கள். கரை இடிந்து குதிரையோடு விழுந்திருக்கிறார், தலையில் அடி, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது, வலியே தெரிந்திருக்காது அண்ணி என்றான் மம்பெத். மற்ற ஆண்களும் அதையே ஒரே மாதிரிச் சொன்னார்கள். குதிரை மேய்ந்துகொண்டே முகட்டைச் சுற்றிக் கிழக்கே இறங்கியிருக்கும் என்றார்கள். ஆணின் உடலை ஆண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். அவள் முகத்தை மட்டும்தான் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் அடித்து அவனைக் கிடத்தினார்கள். தலாஸில் கட்டிக்கொடுத்திருந்த மகள் நுரிலா வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பெண்டாட்டிதான் முதலில் எடுக்க வேண்டும். சோனுன் அவன் பிறந்ததைப் பாடினாள், பட்டாளத்துக்குப் போனதைப் பாடினாள், பால் வண்டியைப் பாடினாள். 'போகுமிடம் சொல்லிப் போனவரே' என்று ஓர் அடி வழக்கமாக வரும். அந்த இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. துக்கம் அடைத்துக்கொண்டது என்று நினைத்துப் பக்கத்துப் பெண்கள் அந்த அடியை எடுத்துப் பாடி முடித்தார்கள்.

குளிர்காலம் போயிற்று. பொரோன் முன்னறையில் கிடந்தான். சோனுன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முக்காலியைப் போடுவாள். வெட்டிய இடங்களில் புது முடி வளர்ந்தது. முதலில் எல்லாம் இழுத்துவிடுவாள். அவன் தலையைத் திருப்பி அவள் மணிக்கட்டை வாயால் பிடிப்பான், கடிக்க மாட்டான். பிறகு அவளுக்கும் கை பழகியது. தொழுகைக்கு முன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டாள்.

மே மாதம், நாய்கள் குளிர்கால முடியை உதிர்க்கும் பருவம். மம்பெத் ஒரு தோல் வாரோடு வந்தான். வேட்டைநாய் பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் சோம்பிக் கெட்டுவிடும், அண்ணன் இருந்தால் அவரே கொடுத்திருப்பார் என்று வாசலில் நின்றபடியே சொன்னான். சோனுன் முற்றத்தில் பொரோனைச் சீவிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் சாம்பல் பஞ்சு குவிந்திருந்தது. கொஞ்சம் தலையைப் பிடித்துக்கொள், பின்தொடையில் ஒரு சிக்கு இருக்கிறது என்றாள். அவன் குந்தி உட்கார்ந்து நாயின் தலையைப் பிடித்துக்கொண்டான்.

சோனுன் சிக்கை நுனியிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அவரு எங்கிட்ட கரா-ஆர்ச்சான்னு சொல்லல, சின்னவனே," என்றாள் சோனுன். "என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. கோவத்துல நான் திரும்பவே இல்ல. நீங்க எல்லாரும் வாசல்ல நின்னு கேட்டீங்க. வெக்கமா இருந்துச்சு. வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

மம்பெத் நாயின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். ஐந்தாறு மாதமாக அந்தத் திட்டுக்காகத்தான் காத்திருந்தாள்.

"தேடப் போன ரெண்டாம் நாளு," என்று அவன் தொடங்கினான். "நான் முகட்டு மேல நின்னேன். கிசில்-ஜார் பக்கத்துலருந்து ஒரு நாய் குரைக்குற சத்தம். காத்து மாறி மாறி அடிச்சுது. கூட இருந்தவங்க என்ன நாய்னு கேட்டாங்க. எவனாவது மேய்ப்பன் நாயா இருக்கும்னு சொன்னேன். குதிர களைச்சிருந்துச்சு. நானும் களைச்சிருந்தேன். அந்தப் பக்கம் எறங்கினா அன்னைக்கு வீட்டுக்கு வர முடியாது." நாயின் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "அவரு அப்பவே போயிருப்பாரு அண்ணி. விழுந்தப்பவே போயிட்டாரு. அதனால..."

"காதுல ஒரு முள்ளுகூட இல்ல."

"யாரு காதுல?"

"இவன் காதுல." அவள் சீப்பைக் கீழே வைத்தாள். "ஒடம்பெல்லாம் முள்ளு. காதும் கழுத்தும் மட்டும் சுத்தமா இருந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும், சின்னவனே. நீங்க எல்லாரும் பேசி வச்சுச் சொன்னது எனக்காகத்தான்னும் தெரியும்."

மம்பெத்தின் தோள் குலுங்கியது. நாயின் கழுத்து முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிறகு விட்டு விட்டுச் சொன்னான். சுவரோரம் சாம்பல் இருந்தது. தீ மூட்டி அணைந்திருந்தது. சாட்டைக் கம்பை உடைந்த காலில் வைத்துக் கட்டியிருந்தார். கொண்டுபோன தயிர்க்கட்டி தீர்ந்திருந்தது. கையுறை கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தது. அந்தக் குளிரில் ஏன் கழற்றினார் என்று தனக்கு இத்தனை நாளும் புரியவில்லை என்றான்.

"எத்தன நாளு?" என்று கேட்டாள்.

"நாலு இருக்கும். அஞ்சாவும் இருக்கலாம்."

சோனுன் தலையாட்டினாள். மம்பெத் குரைப்பைக் கேட்டபோதும் இஷெனாலி உயிரோடு இருந்திருக்கிறான். விழுந்ததும் போகவில்லை என்பது இரண்டு பேருக்கும் முன்பே தெரியும். ஒருவரிடமிருந்து ஒருவர் அதைக் குளிர்காலம் முழுக்க ஒளித்து வைத்திருந்தார்கள். உன் மேல் தப்பில்லை என்று அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். அவள் அழுதாள். கூடாரத்தில் அழாத அழுகை, சத்தம் இல்லாமல், மூக்கும் வாயும் ஒழுக வந்தது. சால்வை நுனியில் துடைத்துக்கொண்டு, இன்னொரு சீப்பை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"அந்தப் பக்கத்த நீ சீவு. நுனியிலருந்து."

அன்று மம்பெத் நாயைக் கொண்டுபோகவில்லை. இலையுதிர்காலத்தில் வேட்டைக்கு அழைத்துப் போவான், மாலையில் கொண்டுவந்து விடுவான். எங்கே போகிறேன் என்பதை முற்றத்துக்குள் வந்து, அவள் கண்ணெதிரே நின்று, இரண்டு முறை சொல்லிவிட்டுப் போவான்.

பொரோன் இன்னும் ஐந்து வருஷம் இருந்தான். கடைசிக் குளிர்காலத்தில் அவனுக்குப் பின்னங்கால் இரண்டும் போய்விட்டன. சோனுன் அவனைப் பழைய மேலங்கி மேல் படுக்க வைத்துப் புரட்டிப் புரட்டிச் சீவினாள். பனி உருகும் நாளில் செத்தான். நாயை யாராவது குழி வெட்டிப் புதைப்பார்களா என்று தெருவில் சிரித்தார்கள். மம்பெத் வாய்க்கால் ஓரத்தில், வில்லோ மரத்தடியில், உறைந்த மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்துக் குழி வெட்டினான்.

அந்தக் கோடையில் நுரிலா வந்து அம்மாவைத் தலாஸுக்கு அழைத்துப் போனாள். அங்கே வீட்டைச் சுற்றி அவரை வயல். சோனுன் சம்பந்தியம்மாளோடு உட்கார்ந்து அவரை உரித்தாள், பேரப்பிள்ளைகளுக்குப் பலகாரம் பொரித்தாள். எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அறுவடை முடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். கேட்டவர்களிடம் அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். காய் நறுக்கும் வேலை கொடுத்தார்கள், செய்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் மம்பெத் ஒரு சாக்கு நிலக்கரி கொண்டுவந்து இறக்குகிறான். அவள் பால் விட்டு உப்புப் போட்ட தேநீர் ஊற்றிக் கொடுக்கிறாள். இரண்டாம் கோப்பை முடிந்ததும் அவன் எழுந்து போகிறான். அவள் வேலி வரைக்கும் கூடப் போய், அவன் தெருமுனை திரும்பும் வரை அவனையே பார்த்தபடி அங்கேயே நிற்கிறாள்.